பாலாற்றங்கரையின் பச்சை வேட்பாளர்: ஒரு நிகழ்வு ஆய்வு

2019 ஆகஸ்டில் நடந்த வேலூர் மக்களவைத் தேர்தலில் முதல் இரண்டு பேருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 8,141 ஓட்டு. தி.மு.க.வின் கதிர் ஆனந்த் வாங்கியது 4,85,340. இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற ஏ.சி.சண்முகம் வாங்கியது 4,77,199. மூன்றாவதாக வந்த நாம் தமிழர் கட்சியின் தீபலட்சுமிக்கு 26,995. அதற்குக் கீழே நீளும் பட்டியலை டிவியில் யாரும் படிக்க மாட்டார்கள். அந்தப் பட்டியலில் தேர்தலுக்குத் தேர்தல் தவறாமல் தலைகாட்டும் ஒரு வகை உண்டு: ஆற்றைச் சொல்லி, கிணற்றைச் சொல்லி ஓட்டுக் கேட்கிறவர். இந்த ஆய்வு அவரைப் பற்றியது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கீழே 'வேட்பாளர்' என்று வருகிறவர் ஒரே ஆள் அல்ல. மாதனூர், ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் சின்னச் சுற்றுச்சூழல் கட்சிகளிலும் சுயேச்சையாகவும் நின்ற சிலருடைய அரசியல் வாழ்க்கையை ஒன்றாகக் கோத்து வரைந்த உரு அவர். அதனால் அவருக்கு ஊர் பெயர் கிடையாது, கட்சிப் பெயர் கிடையாது, ஓட்டுக் கணக்கும் கிடையாது. இங்கே வரும் எண்கள் எல்லாம் பொதுப் பதிவில் இருப்பவை. என் வாதம் சின்னதுதான். பாலாற்றங்கரையில் தண்ணீருக்கென்று ஓட்டு இருக்கிறது. ஆனால் அது ஊராட்சி எல்லையைத் தாண்டிப் போவதில்லை. இவரோ தாண்டித் தாண்டியே நின்றார், கட்சி நிற்க வைத்தது.

கிணற்றில் ஆரம்பித்தது

பாலாறு கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தைக் கொஞ்சம் தொட்டு, தமிழ்நாட்டில் சுமார் 222 கிலோமீட்டர் ஓடிக் கடலுக்குப் போகிறது. ஓடுகிறது என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பல வருடங்களுக்கு அது மணல். மழை பெய்தால்தான் ஆறு. ஆனால் மணலுக்கு அடியில் தண்ணீர் இருந்தது, கரையோரக் கிணறுகள் அதை நம்பித்தான் இருந்தன. அந்த அடித்தண்ணீரில்தான் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை டேனரிகளின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின், கழிவு இறங்கியது.

இதில் வேலூருக்கு நாடறிந்த ஒரு பெருமை உண்டு, விரும்பிச் சம்பாதித்தது இல்லை. 1991இல் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கும் எல்லோரும் 'வேலூர் வழக்கு' என்று சொல்வது இதைத்தான். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுசாகவோ கெட்டுப்போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வின் கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள்.

அப்புறம் இழப்பீட்டைக் கணக்குப் போட ஓர் ஆணையம் அமைந்தது. 2001இல் அது 29 ஆயிரத்துச் சொச்சம் பேருக்குச் சுமார் 26.8 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். நம் வேட்பாளரின் அப்பா பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது. இரண்டு ஏக்கர், தென்னை, ஒரு கிணறு. தண்ணீரை வாயில் வைக்க முடியாது, தென்னை குரும்பையிலேயே உதிரும். இழப்பீட்டுக்காக விஏஓ ஆபீசுக்கும் தாலுக்கா ஆபீசுக்கும் மகன் நடந்தார். அந்த நடையில்தான் மனு எழுதப் பழகினார். தனக்கு எழுதி, பக்கத்து நிலத்துக்காரருக்கு எழுதி, திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நாலு பேருக்கு எழுதிக் கொடுக்கிறவராக ஆனார். 2011 உள்ளாட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினராக நின்றார், ஜெயித்தார். ஊராட்சி வார்டுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. 'மனு எழுதுறவரு' என்ற அடையாளம் போதுமாக இருந்தது.

கட்சி கூப்பிட்டது

வார்டு உறுப்பினரைத் தேடி ஒரு சின்னக் கட்சி வந்தது. சுற்றுச்சூழல் என்று கொடியிலேயே எழுதி வைத்திருந்த கட்சி. சென்னையில் ஒரு ஆபீஸ், மாவட்டத்துக்கு ஒரு பொறுப்பாளர். பொறுப்பாளர் இல்லாத மாவட்டங்களே அதிகம்.

1996ஐ மறுபடி கொஞ்சம் பார்க்க வேண்டும். வேலூர்க்காரர்கள் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்த அதே வருடம், ஈரோடு பக்கம் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் விவசாயிகள் தங்கள் குறையைக் கேட்க ஆளில்லை என்று கூட்டமாக வேட்புமனு போட்டார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள். ஓட்டுச் சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டி வந்தது. அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டாவில் நல்ல தண்ணீர் கேட்டு 480 பேர் மக்களவைக்கு நின்றதும் அதே வருடம்தான். அந்த வருடமே சட்டம் திருத்தப்பட்டது. தண்ணீர் விஷயத்தில் அல்ல, டெபாசிட் விஷயத்தில். சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்தது 5,000 ஆனது, மக்களவைக்கு 500 ரூபாயாக இருந்தது 10,000 ஆனது. அங்கீகாரம் இல்லாத கட்சி வேட்பாளரும் சுயேச்சையும் தொகுதியைச் சேர்ந்த பத்துப் பேரிடம் முன்மொழிவு வாங்க வேண்டும் என்றும் வைத்தார்கள். பெரிய கட்சிக்காரருக்கு ஒருவர் கையெழுத்துப் போதும். இன்று டெபாசிட் சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000.

நம் வேட்பாளருக்குப் பணத்தைவிட அந்தப் பத்துக் கையெழுத்துதான் சிரமம். கையெழுத்துப் போடுகிறவரின் மருமகன் ஏதாவது ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பான். மாலையில் போன் வரும். "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க, என் பேர எடுத்துடுங்க." அதனால் பத்துக்குப் பதில் பதினைந்து பேரைப் பிடித்து வைத்துக்கொள்வார்.

சின்னம் இன்னொரு கதை. அங்கீகாரம் இல்லாத கட்சிக்கு நிரந்தரச் சின்னம் கிடையாது. நிறைய இடத்தில் நின்றால் பொதுச் சின்னம் கேட்கலாம், அதையும் முந்திக்கொண்டு வேறு யாராவது கேட்டுவிட்டால் போச்சு. இத்தனை வருடம் கரும்பு விவசாயியோடு நின்ற நாம் தமிழர் கட்சியே 2024இல் அதைக் கர்நாடகக் கட்சி ஒன்றிடம் இழந்துவிட்டு மைக் சின்னத்தில் நின்றது. நாலு இடத்தில் நிற்கும் கட்சிக்கு என்ன கிடைக்கும்? விடுபட்ட சின்னங்களில் ஒன்று. இவருக்கு ஒரு முறை தென்னந்தோப்பு கிடைத்தது, அது அதிர்ஷ்டம். இன்னொரு முறை கேஸ் சிலிண்டர். காற்றையும் தண்ணீரையும் காப்போம் என்று பேசிக்கொண்டே சிலிண்டரைத் தூக்கிக் காட்டும் பிரசாரத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க எனக்கு முடியவில்லை. அவருமே சிரித்துவிடுவார்.

சோறா, தண்ணியா

2016 மே சட்டமன்றத் தேர்தல்தான் கட்சி வேட்பாளராக அவருக்கு முதல் களம். அதில் அவர் செய்த பிரசாரத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த எல்லாத் தோல்விக்கும் விதை அதில் இருக்கிறது.

அவருடைய பேச்சில் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவான டிடிஎஸ் வரும், தோல் பதனிடும் ரசாயனத்தில் உள்ள குரோமியம் வரும், ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு வரும், உலகத்தில் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றென்று 2006இல் ராணிப்பேட்டையைப் பட்டியல் போட்ட நியூயார்க் அமைப்பின் பெயர் வரும். எல்லாம் உண்மை. ஆனால் ஒரே டீக்கடையில் ஒன்றரை மணி நேரம் நின்று விளக்கினால் அன்றைக்குப் பார்க்க வேண்டிய நாலு ஊர் போய்விடும். கேட்கிறவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "நீங்க சொல்றதெல்லாம் கரெக்டுதான் சார், ஆனா ஜெயிக்க மாட்டீங்களே" என்பார். சின்னக் கட்சி வேட்பாளர் எவருக்கும் தெரிந்த வசனம் இது.

அதைவிடக் கனமான கேள்வி சாயங்காலம் வரும். ஷூ கம்பெனி வேனிலிருந்து இறங்கும் பெண்களிடம் நோட்டீஸ் நீட்டினார். கூட வந்த ஒரு பெரியம்மா நேராகவே கேட்டார்: "இன்னாப்பா, கம்பினிய இஸ்து மூடிட்டா எங்களுக்கு நீயா சோறு போடப் போற?" இவரிடம் பதில் இல்லை. நோட்டீசில் 'டேனரிகளை மூடு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது, சென்னையில் அச்சடித்தது.

வேலூர் மாவட்டத்துச் சுற்றுச்சூழல் அரசியலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கூடங்குளத்தில் அணு உலை ஒரு பக்கம், மீனவர் ஊர் ஒரு பக்கம். அப்படிக் கோடு தெளிவாக இருந்தும், 2014இல் அந்தப் போராட்டத்தின் முகமான சுப.உதயகுமாரன் கன்னியாகுமரியில் ஆம் ஆத்மி வேட்பாளராக நின்று தோற்றார். இங்கே அந்தக் கோடே கிடையாது. கிணறு கெட்டவர் வீட்டுப் பெண்தான் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறாள். கழிவும் சம்பளமும் ஒரே கேட்டுக்குள்ளிருந்து வருகின்றன.

அவர் பேச்சு மாறியது இந்தக் கேள்வியால்தான். அதற்குக் கைகொடுத்தது, முந்தைய வருடமே நடந்திருந்தும் அவர் சரியாகப் பயன்படுத்தாத ஒரு சம்பவம். 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் கசடு பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். இவர் அதை முதலில் ஆற்றுக்கு நேர்ந்த கேடாகவே பேசினார். பிறகுதான் அதைத் தொழிலாளர் பிரச்னையாகப் பேசக் கற்றுக்கொண்டார்: சுத்திகரிப்பு ஒழுங்காக நடந்தால் முதலில் பிழைப்பது உள்ளே இருப்பவர்தான் என்று. பெண்கள் நின்று கேட்ட ஒரே பேச்சு அது. ஆனால் அதற்கும் ஒரு வரம்பு இருந்தது. செத்துப்போனவர்களின் பெயர் இங்கத்திய வாக்காளர் பட்டியலில் இல்லை. அவர்களுக்காகக் கோபப்பட்டு ஓட்டு மாற்றிப் போடச் சொந்தக்காரர் யாரும் தொகுதியில் இல்லை.

பச்சை என்ற நிறமே வடமாவட்டங்களில் இன்னொரு பெரிய வீட்டுக்குச் சொந்தம் என்பதையும் சொல்ல வேண்டும். பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் 1995இலேயே பசுமைத் தாயகம் என்ற சுற்றுச்சூழல் அமைப்பைத் தொடங்கிவிட்டார். ஏரி, ஆறு, பாலாறு என்று எதைப் பேசினாலும், "ஓ, மாம்பழமா?" என்று பா.ம.க. சின்னத்தைச் சொல்லிக் கேட்பார்கள். இல்லை என்றால் அடுத்த கேள்வி, "அப்போ நீங்க இன்னா ஆளுங்க?" சாதியைக் கேட்கிறார்கள் என்று அவருக்குப் புரியும். தண்ணீருக்குச் சாதி இல்லை என்று அவர் சொல்லும் பதில் கைதட்டுக்கு நல்லது. ஓட்டுப்பதிவு நாளில் அது செல்லாது.

ரத்தான தேர்தல்கள்

அவர் மனுத்தாக்கல் செய்த தேர்தல்களில் இரண்டு நடக்கவே இல்லை. இதை ராசி என்று ஊரில் கேலி செய்தார்கள். எனக்கு இதுதான் இந்த நிகழ்வின் மையம் என்று படுகிறது.

முதலாவது, 2016 உள்ளாட்சித் தேர்தல். அக்டோபரில் நடக்க வேண்டியது, மனுத்தாக்கல் முடிந்த கையோடு சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஒன்றியக் கவுன்சிலருக்கு மனுப் போட்டிருந்தார், அவருடைய உயரத்துக்குச் சரியான பதவி. சில ஊராட்சிகள், தெரிந்த முகங்கள், அவர் மனு எழுதிக் கொடுத்த குடும்பங்கள். அந்தத் தேர்தல் திரும்ப வருவதற்கு எத்தனை காலம் ஆனது? மற்ற மாவட்டங்களில் 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோதும் வேலூரை ஒதுக்கி வைத்தார்கள், மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்திருந்ததால். 2021 அக்டோபரில்தான் இங்கே ஓட்டுப் போட்டார்கள். ஐந்து வருடம் ஊராட்சியில் தனி அலுவலர் ஆட்சி. பெரிய கட்சிக்காரருக்கு இது ஒரு நஷ்டமே இல்லை, அவருக்கு மாவட்டச் செயலாளர் இருக்கிறார், வட்டச் செயலாளர் இருக்கிறார். ஊராட்சியைத் தவிர வேறு மேடை இல்லாத ஒருவரின் ஏணியில் கீழ்ப் படிகளையே உருவிவிட்டார்கள்.

அந்த இடைவெளியில்தான் கட்சி அவரை மக்களவைக்கு நிற்கச் சொன்னது. 2019 ஏப்ரல் 18 வாக்குப்பதிவு. ஏப்ரல் 16 அன்று வேலூர் தேர்தல் ரத்து, வருமான வரிச் சோதனையில் 11 கோடி ரூபாய்க்கு மேல் பிடிபட்டதால். பணப் புழக்கத்துக்காக நாட்டில் ஒரு மக்களவைத் தேர்தல் ரத்தானது அதுவே முதல் தடவை. விசித்திரம் என்னவென்றால் அதே தொகுதிக்குள் இருக்கும் ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் சட்டமன்ற இடைத்தேர்தல் மட்டும் திட்டப்படி நடந்தது. இவர் நோட்டீஸ் அடித்த காசு, ஆட்டோவில் மைக் கட்டிய வாடகை எல்லாம் ஏப்ரலோடு போயிற்று. அப்போதைய செலவு வரம்பு 70 லட்சம். தேர்தல் ஆபீசில் செலவுக் கணக்கு நோட்டைக் காட்டப் போனபோது அங்கிருந்தவர் இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "அவ்ளோதானா சார்?" என்றாராம்.

ஆகஸ்ட் 5க்குத் தேர்தல் மறுபடி அறிவிக்கப்பட்டதும் புதிதாக மனு, மறுபடி பத்துக் கையெழுத்து. இந்த முறை தண்ணீர் உண்மையிலேயே தலைப்புச் செய்தியாக இருந்தது. சென்னை வறண்டு கிடந்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து காவிரித் தண்ணீரை ஏற்றிக்கொண்டு 50 வேகனுடன் ரயில் சென்னைக்குக் கிளம்பியது. வேலூர் மாவட்டத்து ஸ்டேஷனிலிருந்து, பிரசாரம் சூடுபிடிக்கும் நேரத்தில், பாலாற்றங்கரை வழியாக. சுற்றுச்சூழல் வேட்பாளருக்கு இதைவிட நல்ல மேடை எந்த நாட்டில் கிடைக்கும்? இருந்தும் ஓட்டு நகரவில்லை.

ஏன் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். மேட்டூர் பக்கமிருந்து குழாயில் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்குள் வேலூர் மாவட்டத்து ஊர்களுக்கு வந்துவிட்டது. குழாயில் தண்ணீர் வருவது பத்து நாளுக்கு ஒரு முறையாக இருக்கலாம், ஆனால் குடிக்கிற தண்ணீர் பாலாற்றிலிருந்து வரவில்லை. மீதிக்கு இருபது லிட்டர் கேன். பாலாறு கெட்டது விவசாயிக்கு மட்டுமான கவலையாகச் சுருங்கிப்போனது. ஆற்றைச் சரிசெய்யாமலே தாகத்தைத் தீர்த்துவிட்டார்கள், அதோடு அவருடைய பிரசாரத்தையும். புல்லூரில் ஆந்திரம் தடுப்பணையை 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தியதைப் பேசினால் மட்டும் கூட்டம் சத்தம் போட்டது. பக்கத்து மாநிலத்தைத் திட்டுவது எளிது, அதற்கு யாருடைய சம்பளமும் போகாது. அதை எல்லாக் கட்சியும் பேசியது.

வாக்குப்பதிவு அன்று காலையில் டெல்லியில் காஷ்மீருக்கான 370ஆவது பிரிவை நீக்கும் அறிவிப்பு வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி டீக்கடைகளில் அன்றைக்குப் பாலாற்றைப் பற்றி யார் பேசியிருப்பார்கள்?

டெபாசிட் கணக்கையும் சொல்லிவிடலாம். பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். வேலூரில் அது சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம். மூன்றாவது வந்தவரே 27 ஆயிரத்தைத் தொடவில்லை. 1,500க்கும் மேற்பட்ட பூத்துகளில் இவரால் ஏஜென்ட் உட்கார வைக்க முடிந்தது தன் ஒன்றியத்துப் பூத்துகளில் சிலவற்றில்தான். ஓட்டும் அங்கேதான் விழுந்தது. பூத் வாரியான ஓட்டுக் கணக்கு இருக்கும் இருபதாம் படிவத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் இத்தகைய வேட்பாளர்களின் உண்மையான தொகுதி எவ்வளவு பெரியது என்று தெரிந்துவிடும். ஒரு சைக்கிளில் அரை நாளில் சுற்றி வரலாம்.

யாருக்காக நின்றார்

இது தெரிந்தும் கட்சி ஏன் மேலே மேலே நிறுத்துகிறது? சின்னக் கட்சிக்கு அங்கீகாரம் என்பது சதவீதம். ஒரு இடமும் ஜெயிக்காவிட்டாலும் மாநிலத்தில் 8 சதவீத ஓட்டு வாங்கினால் அங்கீகாரம் உண்டு. நாம் தமிழர் கட்சி 2024இல் அப்படித்தான் அதை எட்டியது. எட்டைக் கனவு காணும் கட்சிக்கு ஒவ்வொரு வேட்பாளரும் ஒரு புள்ளிக்குப் பின்னால் வரும் எண். ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் ஜெயித்தாலும் அந்த எண் ஏறாது. மக்களவையில் தோற்றால் ஏறும். கட்சியின் கணக்கில் இது தப்பில்லை. வேட்பாளரின் கணக்கில் ஒவ்வொரு பெரிய தோல்வியும் ஊரில் அவர் பேச்சின் எடையைக் குறைத்தது. 'மனு எழுதுறவரு' மெல்ல மெல்ல 'டெபாசிட் போனவரு' ஆனார். ஜெர்மனியில் பசுமைக் கட்சி 1983இல் 5.6 சதவீத ஓட்டோடு நாடாளுமன்றத்துக்குள் போனது, அங்கே ஓட்டு விகிதத்துக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறை. பிரிட்டனில் 1989 ஐரோப்பியத் தேர்தலில் பசுமைக் கட்சிக்குச் சுமார் 15 சதவீதம் கிடைத்தும் ஒரு இடமும் இல்லை, அன்றைக்கு அங்கே நம்மைப் போலத் தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவர் மட்டுமே ஜெயிக்கும் முறை. நமது முறையில் பரவிக் கிடக்கும் ஓட்டு வீண், குவிந்து கிடக்கும் ஓட்டுக்குத்தான் மதிப்பு. இவருடைய ஓட்டு குவிந்துதான் கிடந்தது, ஒன்றிய அளவில்.

2021 ஏப்ரல் சட்டமன்றத் தேர்தலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நின்றார், டெபாசிட் போனது. முப்பது நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்காவிட்டால் மூன்று வருடம் நிற்க முடியாமல் போகலாம் என்பதால் கணக்கை மட்டும் ஒழுங்காகக் கொடுத்தார்.

அதே வருடம் அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். இந்த முறை கட்சியைக் கேட்கவில்லை. பழையபடி வார்டு உறுப்பினருக்கு நின்றார், சின்னம் பற்றிக் கவலையில்லை, பேச்சில் குரோமியம் இல்லை. மேல்நிலைத் தொட்டியை மாதம் இரண்டு முறை கழுவ வைப்பேன், போர் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி ரிசல்ட்டை ஊராட்சி ஆபீஸ் சுவரில் ஒட்டுவேன் என்றார். ஜெயித்தார். அடுத்த மாதமே பாலாற்றில் வெள்ளம், பலரும் பிறந்ததிலிருந்து பார்க்காத அளவுக்கு. தண்ணீர் இல்லாத ஆற்றைப் பற்றிப் பத்து வருடம் பேசியவர் கரையோரக் குடும்பங்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். கிராம சபையில் தண்ணீர்ச் சோதனைத் தீர்மானம் போட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பினார். சட்டமன்ற வேட்பாளராக அவர் கொடுத்த எந்த மனுவுக்கும் வராத பதில் கிராம சபைத் தீர்மானத்துக்கு வந்தது. தாமதமாகத்தான், ஆனாலும் வந்தது.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் வேலூர் டேனரி விவகாரம் மறுபடி தீர்ப்புக்கு வந்தது. இழப்பீடு இன்னும் கிடைக்காதவர்களுக்கு அரசே கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துப் பாலாற்றைக் கவனிக்க வேண்டும், வழக்கையும் இதோடு மூடப்போவதில்லை என்றது தீர்ப்பு. பழைய பட்டியலில் இருந்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. பிள்ளைகள் வாரிசுச் சான்றுக்கு அலைகிறார்கள். சாயங்காலமானால் அவர் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், பழைய அவார்டு நகல், ஆதார், இறப்புச் சான்றிதழ் என்று பையோடு. அதில் அவருக்கு ஓட்டுப் போட்டவர் யார், போடாதவர் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பூத்தில் ஓட்டு எண்ணிக்கை அவ்வளவு குறைவு.

சென்னையிலிருந்து மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள், சட்டமன்றத்துக்கு. ஒன்றியக் கவுன்சிலர் தேர்தல் வரும்போது ஒன்றியத்தின் எல்லா வார்டிலும் ஆள் நிறுத்தி, அதற்குக் கட்சி செலவு செய்வதாக எழுதிக் கொடுத்தால் நிற்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். அதற்கெல்லாம் நிதி இல்லை என்று பதில் வந்தது. அந்தத் தொகுதிக்கு வேறு ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.